முனையத்தின் திறனறிதலும் அட்டப்பாடி என்னும் சொல்லும்

கணினியோடு எழுத்து வடிவில் உரையாடுவதற்கென அமைந்த கருவி முனையம் எனப்படும். விசைப்பலகையில் தட்டியதைக் கணினிக்கு அனுப்புவதும், கணினி அனுப்பிய குறிகளைத் தாளிலோ திரையிலோ எழுத்தாக்கிக் காட்டுவதும் அதன் பணி. இப்பணியை எல்லா முனையங்களும் ஒரே வகையில் செய்ததில்லை. திரையைத் துடைக்க ஒன்றுக்கு ஒரு கட்டளை, மற்றொன்றுக்கு வேறொரு கட்டளை. ஒன்றில் 80 நெடுவரிசைகள், மற்றொன்றில் 132. ஒன்று எழுத்தைத் தடித்துக் காட்டும், மற்றொன்றுக்கு அது இயலாது. ஆகவே திரை முழுவதையும் ஆளும் ஒரு நிரலைச் சி மொழியில் எழுதுபவர், தம் நிரல் எந்த முனையத்தோடு பேசுகிறது என்பதையும் அம்முனையத்தால் என்னென்ன இயலும் என்பதையும் நிரலே தெரிந்துகொள்ளும் வழியொன்றைத் தேடவேண்டியிருந்தது. அந்தத் தேடலின் வரலாறு இருவேறு மரபுகளாக ஓடியது: முனையங்களின் இயல்புகளை எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து அறிவது ஒரு மரபு, முனையத்தையே நேரடியாகக் கேட்டு அறிவது மற்றொரு மரபு. இந்திய எழுத்துகள் திரைக்கு வந்தபோது முதல் மரபின் போதாமை வெளிப்பட்டது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் அகளி போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கையில் அந்தப் போதாமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

கேட்டு அறியும் மரபே இரண்டினுள் மூத்தது. கணினிக்கு முன்பே தொலையச்சுப் பொறிகள் அதைப் பின்பற்றின. டெலக்ஸ் வலையமைப்பில் ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தை அழைத்ததும், தொடர்பு உரிய இடத்துக்குத்தான் கிடைத்திருக்கிறதா என்பதை உறுதிசெய்ய 'நீ யார்' என்று பொருள்படும் குறியொன்றை அனுப்பும். ஐந்து அலகுகள் கொண்ட அனைத்துலகத் தந்திக் குறியீட்டில் இலக்க நிலையில் டி விசைக்கு இப்பொருள் தரப்பட்டிருந்தது. அக்குறி வந்து சேர்ந்தவுடன், எதிர்முனையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொறிக்குள் இருந்த மறுமொழி உருளை ஒருமுறை சுழன்று, அதில் பதிந்திருந்த 20 குறிகளாலான அடையாளத்தைத் திருப்பி அனுப்பியது. தமிழ்நாட்டுக்கு இத்தொழிலோடு நேரடித் தொடர்பு உண்டு. 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு, சென்னை கிண்டியில் தொலையச்சுப் பொறிகளைச் செய்துவந்தது. ரோமன் எழுத்துப் பொறிகளோடு நாகரி எழுத்துப் பொறிகளும் அங்கே உருவாயின. பின்னாளில் ஆஸ்கி குறியீடு வகுக்கப்பட்டபோதும் 'நீ யார்' என்ற அக்கேள்விக்கு 5 என்னும் எண் ஒதுக்கப்பட்டது. அது இன்றும் அவ்வட்டவணையில் இருக்கிறது.

எனினும் அந்த மறுமொழி பெயரை மட்டுமே சொன்னது, திறனைச் சொல்லவில்லை. தாளில் அச்சிடும் பொறிகள் இருந்தவரை திறனைக் கேட்கவேண்டிய தேவையும் எழவில்லை. 1963இல் வெளிவந்து, யூனிக்ஸ் இயங்குதளம் பெல் ஆய்வகத்தில் 1969இல் உருவானபோது அதன் முனையமாகவும் விளங்கிய டெலிடைப் 33 என்ற பொறி, வரிக்கு 72 எழுத்துகளாக, நொடிக்கு 10 எழுத்து என்ற வேகத்தில், பெரிய எழுத்துகளை மட்டுமே அச்சிட்டது. அடித்த எழுத்தை அழிக்கவோ தாளில் மேலேறிச் சென்று திருத்தவோ வழியில்லாத பொறியிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

கண்ணாடித் திரை வந்தபின் நிலைமை மாறியது. 1970களில் பல நிறுவனங்கள் திரை முனையங்களைச் செய்தன. திரையின் எந்த இடத்துக்கும் கர்சரை நகர்த்த முடிந்ததால், பக்கம் முழுவதையும் காட்டித் திருத்தும் நிரல்கள் சாத்தியமாயின. ஆனால் நகர்த்தும் கட்டளை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. 1976இல் வந்த லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ முனையத்தில் 5ஆம் வரியின் 10ஆம் நெடுவரிசைக்குச் செல்ல, 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் குறியையும் சமக்குறியையும் அனுப்பி, அவற்றைத் தொடர்ந்து 36, 41 என்ற எண்களுடைய இரு குறிகளை அனுப்பவேண்டும். வரியையும் நெடுவரிசையையும் சுழியத்திலிருந்து எண்ணி, ஒவ்வொன்றோடும் 32ஐக் கூட்டி வந்த எண்கள் அவை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்திலோ எஸ்கேப் குறி, சதுர அடைப்பு, 5 என்ற இலக்கம், அரைப்புள்ளி, 10 என்ற இலக்கங்கள், இறுதியில் பெரிய எச் என்று அதே கட்டளை எழுதப்பட்டது. முதல் கட்டளையை இரண்டாம் முனையத்துக்கு அனுப்பினால் கர்சர் நகராது. பொருளற்ற குறிகள் திரையில் சிதறும். அமெரிக்கத் தர நிறுவனம் 1979இல் வெளியிட்ட தரமும், அதற்கு முன்பே 1976இல் ஐரோப்பியக் கணினி உற்பத்தியாளர் சங்கம் வெளியிட்ட 48ஆம் எண் தரமும் விடி100 பின்பற்றிய வழியைப் பொதுவழியாக்க முயன்றன. அதற்குள் பழைய வகை முனையங்கள் பல்கலைக்கழகங்களெங்கும் நிறைந்துவிட்டன.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விஐ என்னும் திரைத் திருத்தியை எழுதிய பில் ஜாய் இச்சிக்கலுக்கு எடுத்த தீர்வு, அடுத்த அரை நூற்றாண்டின் பழக்கத்தை வகுத்தது. 1970களின் இறுதியில் உருவான அந்தத் தீர்வின் பெயர் டெர்ம்கேப். முனையங்கள் அனைத்தின் இயல்புகளையும் ஒரே எழுத்துக் கோப்பில் எழுதிவைப்பது, பயனர் தம் முனையத்தின் பெயரை டெர்ம் என்ற சூழல் மாறியில் குறிப்பது, நிரல் அப்பெயரைக் கொண்டு கோப்பில் தேடி வேண்டியதை எடுத்துக்கொள்வது ஆகிய மூன்று படிகளால் ஆனது இவ்வழி. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டெழுத்துக் குறியொன்று உண்டு: சிஓ என்பது நெடுவரிசைகளின் எண்ணிக்கை, எல்ஐ என்பது வரிகளின் எண்ணிக்கை, சிஎல் என்பது திரையைத் துடைக்கும் கட்டளை, சிஎம் என்பது கர்சரை நகர்த்தும் கட்டளை, ஏஎம் என்பது வரி நிறைந்ததும் தானே அடுத்த வரிக்கு மடியும் இயல்பு. எண், சரம், ஆம்-இல்லை என்ற மூவகைக்குள் உலகின் எல்லா முனையங்களும் அடங்கிவிடும் என்ற துணிவான எடுகோள் அதற்கு அடிப்படையாக இருந்தது; ஆங்கிலம் எழுதும் முனையங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பலித்தது என்பதையும் மறுக்க முடியாது.

சி நிரலில் இதன் பயன்பாடு எளிமையானது. டிகெட்என்ட் என்ற செயற்கூற்றை முனையத்தின் பெயரோடு அழைத்தால், பெயர் கிடைத்தபோது 1, கிடைக்காதபோது 0, பட்டியல் கோப்பே இல்லாதபோது -1 என விடை வரும். பின்னர் டிகெட்நம் எண்களையும், டிகெட்ஃபிளாக் ஆம்-இல்லை இயல்புகளையும், டிகெட்ஸ்டர் கட்டளைச் சரங்களையும் எடுத்துத் தரும். டிகோட்டோ என்பது சிஎம் சரத்தில் வரி, நெடுவரிசை எண்களை உரிய வடிவில் பொருத்தும். டிபுட்ஸ் அச்சரத்தை முனையத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்கென்றே தனியொரு செயற்கூறு ஏன் என்ற கேள்விக்கு அக்கால முனையங்களின் மெதுவான இயக்கமே விடை. விடி100க்கான பதிவில் திரையைத் துடைக்கும் சரத்தின் முன் 50 என்ற எண் நிற்கிறது. துடைத்து முடிக்க முனையத்துக்கு 50 மில்லிநொடி தேவை என்பது அதன் பொருள். நொடிக்கு 9600 பிட் செல்லும் கம்பியில் ஓர் எழுத்து கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிநொடி ஆகும் என்பதால், டிபுட்ஸ் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான வெற்றுக் குறிகளை அனுப்பி அந்த நேரத்தைக் கழித்தது. முனையத்தின் வடிவத்தை மட்டுமன்றி அதன் களைப்பையும் பதிந்துவைத்த பட்டியல் அது.

கோப்பு வளர்ந்தபோது அதன் குறைகளும் வளர்ந்தன. நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து வாசித்துத் தேடவேண்டியிருந்ததால், நிர்வாகிகள் தங்கள் இடத்தில் மிகுதியாகப் புழங்கிய முனையங்களின் பதிவுகளைக் கோப்பின் தலைப்பகுதிக்கு நகர்த்தி வைப்பது வழக்கமாயிற்று. ஒரு பதிவு 1023 பைட்டுகளைக் கடக்கக்கூடாது என்ற வரம்பும், இரண்டெழுத்துப் பெயர்கள் தீர்ந்துவருவதும் மேலும் இடர் தந்தன. மேரி ஆன் ஹார்ட்டன் உருவாக்கிய டெர்ம்இன்ஃபோ இவற்றைச் சீர்செய்து, ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்து, இரண்டாம் வெளியீட்டில் 1984இல் வெளிவந்தது. இதில் பதிவுகள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டு, முனையத்தின் பெயரில் தனித்தனிக் கோப்புகளாக, பெயரின் முதலெழுத்துக்குரிய அடைவில் வைக்கப்படுகின்றன. ஆகவே தேடல் என்பதே இல்லை, கோப்பைத் திறந்தால் போதும். பெர்க்லியில் கென் ஆர்னால்ட் எழுதிய கர்சஸ் என்னும் திரை நிரலகமும் இதன்மேல் மாற்றி எழுதப்பட்டது. பாவெல் கர்ட்டிஸ் 1982 அளவில் எழுதிய இலவச வடிவத்திலிருந்து கிளைத்து, 1990களில் ஸெயிட் பென்-ஹலீம், எரிக் ரேமண்ட் ஆகியோர் கைகளில் வளர்ந்து, பின்னர் தாமஸ் டிக்கியின் நெடுங்காலப் பராமரிப்பில் நிலைபெற்ற என்கர்சஸ் நிரலகமே இன்று க்னூ/லினக்ஸ் கணினிகளில் இருப்பது.

டெர்ம்இன்ஃபோவின் செயற்கூறுகளில் ஒரு நுணுக்கம் சி நிரலாளர்களை இன்றும் சறுக்கவைக்கிறது. டிஐகெட்ஸ்டர் என்ற செயற்கூறு, கேட்ட திறன் அந்த முனையத்துக்கு இல்லையென்றால் வெற்றுச் சுட்டைத் தரும். கேட்ட பெயரே சரவகைத் திறனுக்குரியது அல்லவென்றாலோ -1 என்ற எண்ணைச் சுட்டாக மாற்றித் தரும். வெற்றுச் சுட்டை மட்டும் சோதித்துவிட்டு விடையை டிபுட்ஸுக்குக் கொடுக்கும் நிரல் இரண்டாம் நிலையில் நினைவகத்தின் பொருந்தா இடத்தைத் தொட்டு நின்றுபோகும். 'இந்த முனையத்தால் இது இயலாது' என்பதும் 'இப்படியொரு கேள்வியே பட்டியலில் இல்லை' என்பதும் வேறுவேறு என்பதை அந்த இரண்டு விடைகள் பிரித்துக் காட்டுகின்றன. இந்திய எழுத்துகளுக்கு நேர்ந்தது இரண்டாவது நிலை.

இந்தியாவில் முனையங்கள் பெருகியது 1980களில். 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1985 நவம்பரில் டெல்லியில் முன்னோட்டமாகத் தொடங்கிய இரயில்வே பயணச்சீட்டு முன்பதிவு, சிஎம்சி நிறுவனம் எழுதிய இம்ப்ரெஸ் என்னும் நிரலைக் கொண்டு டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் நடந்தது. வங்கிக் கிளைகளில் யூனிக்ஸ் கணினியொன்றைச் சுற்றித் தொடர்கம்பிகளில் முனையங்களை இணைக்கும் அமைப்பு பத்தாண்டின் பிற்பகுதியில் பரவியது. இவ்விரண்டும் இருவேறு மரபுகளைச் சேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. யூனிக்ஸ் பட்டியலைப் பார்த்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளமோ முனையத்தையே கேட்கும் கட்டளையொன்றைக் கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் விடி52 முனையம் எஸ்கேப் குறியையும் பெரிய இசட் எழுத்தையும் பெற்றால் தன் வகையைத் தெரிவிக்கும் மூன்று குறிகளைத் திருப்பி அனுப்பும். விடி100 முனையம் எஸ்கேப், சதுர அடைப்பு, சிறிய சி ஆகிய மூன்றையும் பெற்றால், தன் வகை எண்ணோடு தன்னிடம் பொருத்தப்பட்டிருக்கும் கூடுதல் வசதியைக் குறிக்கும் எண்ணையும் சேர்த்து விடையளிக்கும். டெலக்ஸ் பொறியின் உருளை சொன்ன பெயரோடு திறனும் சேர்ந்துகொண்டது இங்கேதான்.

இரண்டு மரபுகளிலும் இல்லாத ஒரு கேள்வியை இந்தியப் பொறியாளர்கள் எதிர்கொண்டனர்: இந்த முனையம் நம் எழுத்தை எழுதுமா? கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்.எம்.கே. சின்ஹாவும் மோகன் தாம்பேயும் பணியாற்றிய முயற்சியில் உருவான நாகரிக் கணினி 1983இல் டெல்லியில் நடந்த உலக இந்தி மாநாட்டில் காட்டப்பட்டது. ஜிஸ்ட் என்று பெயர்பெற்ற அத்தொழில்நுட்பம், 1988இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் தொடர்ந்து வளர்ந்து, கணினிக்குள் பொருத்தும் அட்டையாகவும் தனி முனையமாகவும் வெளிவந்தது. எழுத்தைக் கூட்டிக் காட்டும் பொறுப்பு முழுவதையும் முனையத்துக்குள்ளேயே வைத்ததுதான் ஜிஸ்ட் கண்ட தீர்வு. மையக் கணினியும் அதன் நிரலும் வெறும் பைட்டுகளை அனுப்பினால் போதும், மெய்யோடு உயிர்க்குறி சேர்வதையும் கூட்டெழுத்து உருவாவதையும் முனையம் பார்த்துக்கொள்ளும். பட்டியல் மாறும்வரை காத்திருக்காமல் எடுக்கப்பட்ட அந்த முடிவு, கணினி வரலாற்றை எழுதுபவர்கள் இதுவரை கொடுத்ததைவிட மிகுதியான மதிப்புக்குரியது.

இதற்கு அடிப்படையான இஸ்கி குறியாக்கம் இந்தியத் தர நிறுவனத்தால் 1991இல் 13194ஆம் எண் தரமாக ஏற்கப்பட்டது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசையைத் தந்து, எந்த எழுத்தில் காட்டவேண்டும் என்பதை 239 என்ற எண்ணையும் அதையடுத்த இன்னோர் எண்ணையும் கொண்டு அறிவிப்பது அதன் முறை. அந்த இரண்டாம் எண் 68 ஆனால் தமிழ், 73 ஆனால் மலையாளம். இம்முறையின் ஆற்றலையும் அது விட்டுவைத்த சிக்கலையும் அட்டப்பாடி என்ற ஒரு சொல்லில் காணலாம்.

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கில், பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கின் மைய ஊர் அகளி. மேற்கே மண்ணார்க்காட்டுச் சாலை மலையாள நாட்டுக்கும், கிழக்கே ஆனைகட்டிச் சாலை கோயம்புத்தூருக்கும் இறங்குகின்றன. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் மொழிகளோடு தமிழும் மலையாளமும் அங்காடியிலும் அலுவலகத்திலும் கலந்து வழங்குகின்றன. அகளியின் பெயரை மலையாளம் வேறொரு ககரத்தால் எழுதுகிறது. அட்டப்பாடியின் பெயரையோ இரு மொழிகளும் ஒலி மாறாமல் எழுதுகின்றன. இஸ்கியில் அச்சொல் 164, 189, 232, 189, 200, 232, 200, 218, 189, 219 என்ற பத்துப் பைட்டுகளாக அமையும். முன்னே 239, 68 வந்தால் அவை அ, ட், ட, ப், பா, டி என்ற ஆறு தமிழ் எழுத்துகளாகத் திரையில் நிற்கும். 239, 73 வந்தால் இரட்டித்த டகரமும் இரட்டித்த பகரமும் கூட்டெழுத்துகளாகச் சுருண்டு, நான்கே வடிவங்களாக மலையாளத்தில் நிற்கும். அனுப்பிய பைட்டுகள் பத்து. தமிழில் ஆறு, மலையாளத்தில் நான்கு. ஒரு பைட் என்றால் ஒரு நெடுவரிசை என்று எண்ணிப் பழகிய அக்காலத்துக் கர்சஸ் நிரலகத்துக்கு இவ்வேறுபாட்டைச் சொல்ல டெர்ம்கேப்பிலோ டெர்ம்இன்ஃபோவிலோ ஓர் இடமும் இல்லை.

தமிழுக்கு இடைக்காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்கள் 1990களின் பிற்பகுதியில் வகுத்ததும், மதுரைத் திட்டம் தன் தொடக்ககால மின்னூல்களுக்குக் கையாண்டதுமான திஸ்கி குறியாக்கம், எழுத்தின் ஒலிவரிசையை விட்டுக் கண்ணுக்குத் தெரியும் வடிவங்களின் வரிசையில் எண்களை வைத்தது. புள்ளி பெற்ற மெய்களுக்கும் டி, டீ போன்ற இணைந்த வடிவங்களுக்கும் தனி எண்கள் இருந்ததால் அட்டப்பாடி ஏழு பைட்டுகளில் அடங்கும். உரிய எழுத்துரு இருந்தால் எந்தச் சாதாரண முனையமும் அதைக் கலையாமல் காட்டிவிடும். முனையத்தை ஒன்றும் கேட்கவேண்டாத அந்த எளிமை, ஒருங்குறி பரவியபின் விலகிக்கொண்டது.

ஒருங்குறியில் இந்திய எழுத்துகளின் அமைப்பு இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. எனவே அட்டப்பாடி அங்கேயும் பத்துக் குறிகளே. அவற்றை யுடிஎஃப்-8 வடிவில் எழுதினால் 30 பைட்டுகள். இனித் திரையில் எத்தனை கட்டங்கள் என்பதை நிரல் எப்படி அறியும்? டபிள்யூசிவிட்த் என்ற செயற்கூறு ஒவ்வொரு குறிக்கும் 0, 1, 2 என்ற அகலங்களில் ஒன்றைச் சொல்லும். கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் குன் 2001இல் எழுதி இலவசமாக வெளியிட்டதும், முனையக் கருவியின் பணியைத் திரையில் செய்யும் முனைய நிரல்கள் பலவும் எடுத்தாண்டதுமான அதன் வடிவம், ஒருங்குறி 'இடம் பெறாதது' என்று வகைப்படுத்திய துணைக்குறிகளுக்கு 0 என்றும், 'இடம் பெறுவது' என்று வகைப்படுத்தியவற்றுக்கு 1 என்றும் விடை தந்தது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரு கட்டம் தரவேண்டும் என்பதில் காட்டப்பட்ட கவனம் தமிழின் துணையெழுத்துகள்மீது விழவில்லை. ஒருங்குறியின் வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரத்தின் மேல்விலங்குச் சுழியும் இடம் பெறாதவை. இகரத்தின் மேல்விலங்கு இடம் பெறுவது. விளைவாக, கி இரண்டு கட்டங்களையும் கீ ஒரே கட்டத்தையும் பெறுகின்றன. ககரத்தின் உடலோடு ஒன்றிவிடும் கு, அருகே ஒரு வெற்றுக் கட்டத்தை இழுத்துக்கொண்டு இரண்டாகிறது. கொம்பும் காலும் இருபுறம் சூழ மூன்று வடிவமாய் நிற்கும் கொ அதே இரண்டில் நெருக்கப்படுகிறது. தமிழ் எழுதத் தெரிந்த எவரும் கையால் எழுதும்போது கீயைக் கியைவிடக் குறுகலாக எழுதுவதில்லை. அட்டப்பாடி இந்தக் கணக்கில் எட்டுக் கட்டங்கள்; மலையாளத்தில் எழுதினாலும் எட்டே. ஆறாகவும் நான்காகவும் எண்ணப்படவேண்டிய இரண்டு சொற்களுக்கு ஒரே பொய்யான அளவு.

முனைய நிரலும் திரையை ஆளும் நிரலும் ஒரே பட்டியலை நம்பினால் இந்த அளவு அழகற்றது என்ற அளவோடு நின்றுவிடும். ஒன்று பட்டியலைப் பின்பற்ற, மற்றொன்று எழுத்துகளை முறையாகக் கூட்டிக் காட்டினால்தான் உண்மையான கேடு நேர்கிறது: நிரல் கர்சர் 9ஆம் நெடுவரிசையில் இருப்பதாக நினைக்கும், முனையமோ அதை 7இல் வைத்திருக்கும், ஒரு சொல்லைத் திருத்தினால் பக்கத்துச் சொல்லின் பாதி அழியும். இங்கேதான் கேட்டு அறியும் பழைய மரபு திரும்ப வந்தது.

கர்சர் எங்கே இருக்கிறது என்று முனையத்தைக் கேட்க எஸ்கேப், சதுர அடைப்பு, 6, சிறிய என் ஆகியவற்றை அனுப்பவேண்டும். வரியும் நெடுவரிசையும் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு, பெரிய ஆர் என்ற எழுத்தோடு விடை வரும். விடி100 காலத்திலிருந்தே உள்ள இந்தக் கேள்வியை எக்ஸ்டெர்ம் முனைய நிரலோடு வரும் ரீசைஸ் என்ற சிறு நிரல் நெடுங்காலமாக வேறொரு பயனுக்குக் கையாண்டது: எந்தத் திரையிலும் இல்லாத தொலைவுக்குக் கர்சரை நகர்த்திவிட்டு எங்கே நின்றாய் என்று கேட்டால் திரையின் கடைக்கோடி எது என்பது தெரிந்துவிடும். பிராம் மூலனார் எழுதிய விம் திருத்தி, அகலம் உறுதியில்லாத ஒரு முக்கோணக் குறியை எழுதிப் பார்த்துக் கர்சர் எவ்வளவு நகர்ந்தது என்று கேட்கும் முறையைக் கிழக்காசிய எழுத்துகளுக்காகக் கொண்டுவந்தது. அதே முறையைத் தமிழுக்குக் கொள்வதில் தடையொன்றும் இல்லை. முதல் நெடுவரிசையில் அட்டப்பாடி என்று எழுதிவிட்டுக் கேட்டால், பட்டியலை நம்பும் முனையம் 9 என்றும், எழுத்துக்கு ஒரு கட்டம் வைக்கும் முனையம் 7 என்றும் சொல்லும். உண்மையான அளவு அந்த விடையே.

விடையைப் பெறுவதற்குச் சி நிரல் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கவேண்டும். முனையத்தின் மறுமொழி, பயனர் தட்டும் விசைகள் வரும் அதே வழியில்தான் வருகிறது. ஆகவே வரி முடியும்வரை காத்திருக்கும் நிலையையும், வந்ததைத் திரையில் எதிரொலிக்கும் நிலையையும் டிசிசெட்அட்டர் என்ற செயற்கூற்றால் முன்பே நிறுத்திவைக்காவிட்டால், விடை நிரலுக்குச் சேராமல் கட்டளை வரியில் எண்களும் அரைப்புள்ளியுமாகச் சிந்திக்கிடக்கும். அடுத்தது, கேள்வி புரியாத முனையம் மறுப்புச் சொல்வதில்லை, வாளாவிருந்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருப்பது? தொலைவிலுள்ள கணினியோடு மெதுவான இணைப்பில் பேசும்போது, விடை வராததும் தாமதமாக வருவதும் ஒன்றுபோலவே தோன்றும். இதற்கு நிரலாளர்கள் கண்ட உபாயம் நயமானது. ஐயத்துக்குரிய கேள்வியை முதலில் அனுப்பி, அதன் பின்னாலேயே விடி100 முதல் ஏறத்தாழ எல்லா முனையங்களும் விடையளிக்கும் 'உன் வகை யாது' என்ற கேள்வியையும் அனுப்புவார்கள். முனையம் கேள்விகளை வந்த வரிசையில் எடுப்பதால், இரண்டாவதன் விடை மட்டும் வந்தால் முதலாவது அதற்குத் தெரியாது என்பது உறுதியாகிறது.

அண்மையில் இக்கேள்விகளின் வரிசையில் எழுத்து பற்றிய ஒன்றும் சேர்ந்திருக்கிறது. துணைக்குறிகளை அவை சாரும் எழுத்தோடு சேர்த்து ஒரே அலகாகக் கொள்ளும் நிலைக்கு 2027 என்ற எண்ணைத் தந்து, அந்நிலை உண்டா, இப்போது இயங்குகிறதா என்று நிரல் கேட்கவும் முனையம் விடையளிக்கவும் வகைசெய்யும் முன்மொழிவைச் சில புதிய முனையங்கள் ஏற்றுள்ளன. அலகு எது என்பதை ஒருங்குறியே வரையறுக்கிறது. 2023இல் வெளியான அதன் 15.1ஆம் பதிப்பு, மலையாளம் உள்ளிட்ட சில எழுத்துகளில் சந்திரக்கலை என்னும் உயிர்நீக்கும் குறியால் இணையும் மெய்களையும் ஒரே அலகாக்கியது. புள்ளியைக் கண்ணுக்குத் தெரிய எழுதும் தமிழை அவ்விதியில் சேர்க்கவில்லை, சேர்க்காதது சரியே. அதன்படி அட்டப்பாடி தமிழில் ஆறு அலகு, மலையாளத்தில் நான்கு. ஜிஸ்ட் முனையம் தன் திரையில் பிரித்துக் காட்டிய வேறுபாட்டை உலகத் தரம் எழுத்தில் ஏற்க ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அது 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறியபின் நடந்துவரும் பணியும் மாநிலத்தின் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்வழி வகுப்புகளும் அதில் அடக்கம். அகளியில் உள்ள அரசுப் பள்ளிக் கணினியில் கருந்திரை முனையத்தைத் திறந்து இன்ஃபோசிஎம்பி என்று தட்டும் மாணவருக்கு, ஹார்ட்டன் வகுத்த பட்டியலின் பதிவு, வரி எண்ணிக்கை முதல் நிறங்களின் எண்ணிக்கைவரை, அப்படியே விரியும். அதில் தமிழுக்கோ மலையாளத்துக்கோ ஒரு வரிகூட இராது. எனினும் பட்டியலைத் தொகுக்கும் டிக் என்ற நிரல், பயனரே புதிய திறன்பெயர்களைச் சேர்த்துக்கொள்ள இடம்தருகிறது. பதினாறு மில்லியன் நிறங்களைக் குறிக்கும் திறன் முதலில் அவ்வாறு வெளியிலிருந்து வந்துதான் பரவியது. எழுத்துக்கூட்டலுக்கும் அப்படியொரு பெயர் வரலாம். வந்தாலும் அது ஒரே பெயராக இருக்க முடியாது. தனக்கென எழுத்தில்லாத இருளர் மொழி தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் பதிவாகிறது. அதன் சொற்களைத் திரையில் வரிசைப்படுத்த விரும்பும் நிரல், ஒரே முனையத்திடம் அதே சொல்லைத் தமிழில் ஒருமுறையும் மலையாளத்தில் ஒருமுறையும் எழுதிக் காட்டிக் கர்சரின் இடத்தை இருமுறை கேட்டாக வேண்டும்.